லாரி ஓட்டுநர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம், லாரிப் பட்டறைகள் நிறைந்த பகுதியில் தன்னார்வலராக இருக்கிறேன். வாரக்கணக்கில் வடமாநிலங்களுக்கு வண்டி ஓட்டிவிட்டு வரும் ஓட்டுநர்களையும் கிளீனர்களையும் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல முயல்கிறோம். பெரும்பாலும் தோற்றுப்போகிறோம்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம்தான். ஆனால் அது பகலில் மட்டும் இயங்குகிறது. இவர்கள் வந்து சேர்வதோ நள்ளிரவில், விடிந்தால் அடுத்த லோடு. அதைவிடப் பெரிய தடை பயம். "அந்த அறை வாசலில் யாராவது பார்த்துவிட்டால் எனக்கு யார் வண்டி கொடுப்பார்கள்?" என்று கேட்டார் ஒருவர். முடிவை வெளியில் சொல்லக்கூடாது, வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதைச் சொன்னேன். பதில் பேசாமல் போய்விட்டார்.

ஆணுறை இல்லாமல் உறவு கொண்டதைத் தனியே பேசும்போது சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். மனைவியிடம் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். ஒருவர் பத்தே நாளில் பரிசோதித்துவிட்டு, தொற்று இல்லை என்றதும் நிம்மதியாகிவிட்டார். அவ்வளவு சீக்கிரத்தில் தொற்று பரிசோதனையில் தெரியாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று புரியவைப்பதற்குள் அடுத்த பயணம் கிளம்பிவிட்டார். அவரை நினைத்தால் இன்னும் கவலையாக இருக்கிறது.

லாரி நிறுத்தங்களில் இரவு முகாம் நடத்தியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? விரல் நுனியில் இரத்தம் எடுக்கும் பரிசோதனைக்கு யாரிடம் அனுமதி பெற்றீர்கள்? சர்க்கரை, இரத்த அழுத்த முகாமோடு சேர்த்து, எச்.ஐ.வி.க்குத் தனியாகச் சம்மதம் கேட்டால் கூச்சம் குறைகிறதா? மனைவிமாரிடம் பேச ஒரு பெண் ஆலோசகரும் தேவை. தீபாவளிக்குப் பலர் ஊர் திரும்புவார்கள். அதற்குள் தொடங்க நினைக்கிறோம்.