ஹமார்த்தியா: குணக்கேடா, பிழையா?

நண்பர்களுக்கு வணக்கம். அஞ்சல் வழியில் எம்.ஏ. இலக்கியம் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் ஹோமரின் இலியட் என்ற கிரேக்கக் காவியமும் சோபக்ளீஸின் ஈடிபஸ் மன்னன் என்ற கிரேக்க நாடகமும் பாடம். இலியட்டின் 24-ஆம் காண்டத்தில், மகனைக் கொன்ற அக்கிலீசின் கைகளைக் கிழவர் பிரியாம் முத்தமிடும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அங்கே சிக்கல் இல்லை.

ஈடிபஸில்தான் மாட்டிக்கொண்டேன். துன்பியல் நாயகனின் வீழ்ச்சிக்குக் காரணமாக அரிஸ்டாட்டில் சொல்லும் ‘ஹமார்த்தியா’வை என்னிடமுள்ள வழிகாட்டி நூல் ‘குணக்கேடு’ என்கிறது. குறி தவறுதல் என்றல்லவா அந்தச் சொல்லுக்கு அடிப்படைப் பொருள்? முச்சந்தியில் தான் அடித்துக் கொன்ற முதியவர் தந்தை என்பதே ஈடிபஸுக்குத் தெரியாது. அறியாமல் செய்தது எப்படிக் குணக்கேடாகும்? ஒருவேளை முன்கோபத்தைச் சொல்கிறார்களோ?

அரிஸ்டாட்டிலின் ‘கவிதையியல்’ நூலை ஊன்றிப் படித்தவர்கள் விளக்குங்கள். தமிழில் நல்ல உரை இருந்தாலும் சொல்லுங்கள். சனிக்கிழமை கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும்.