தனியாகப் போய் சர்ஃபிங்கும் ஸ்பானிஷும்: எந்த ஊர்?

கேள்வி: கையில் ஆறு வாரம். இரண்டுமே அரிச்சுவடியிலிருந்து. கோஸ்டா ரிக்காவின் தமரிண்டோவா, பெருவின் உவான்சாகோவா?

பதில் 1: தமரிண்டோ அலை புதியவர்களுக்குத் தோது. ஆனால் தெருவெல்லாம் ஆங்கிலம். ஸ்பானிஷ் நாக்கில் ஏறாது. ஆற்று முகத்துவாரத்தில் முதலை உண்டு, தள்ளியே இருங்கள். உவான்சாகோவில் தண்ணீர் சில்லென்றிருக்கும், வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) கட்டாயம். ஆனாலும் ஸ்பானிஷுக்காக என் ஓட்டு உவான்சாகோவுக்கே.

பதில் 2: முதலில் 8–9 அடி ஃபோம் போர்டு (மெத்தென்ற சர்ஃபிங் பலகை). ரொம்ப முன்னே தள்ளிப் படுத்தால் போர்டின் மூக்கு (முன்முனை) முங்கிக் கவிழும். பின்னே போனால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். மூக்கு தண்ணீருக்கு நாலு விரல் மேலே நின்றால் சரி.

பதில் 3: காலையில் அலை, மதியம் வகுப்பு; ஏனென்றால் மதியக் கடல்காற்று அலையைக் குலைக்கும். யாராவது ஸ்பானிஷில் 'கொர்ரியெந்தே' என்று கத்தினால், கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் என்று அர்த்தம்: எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக விலகுங்கள். 'ஓலா' வணக்கமும்தான், அலையும்தான்!