அப்போஃபிஸிஸ்ல போடுற படம் எல்லாம் ஒரே மாதிரி வருது, ஸ்டைல் எப்படி வரும்?

சுழல்கிறுக்கன்:
கொஞ்ச மாசமா அப்போஃபிஸிஸ் (கணக்கு ஃபார்முலாவ வச்சு ஃப்ராக்டல் படம் போடுற சாஃப்ட்வேர்) நோண்டிட்டு இருக்கேன். ரேண்டம் பேட்ச் (அதுவா தோராயமா நிறைய படம் போட்டு தர்றது) ஓட்டி, வர்றதுல நல்லா இருக்குறத எடுத்து, கலர் மாத்தி டீவியன்ட்ஆர்ட் சைட்ல போடுறேன், ஆனா அங்க மத்தவங்க போட்டத பாத்தா எது என்னோடதுன்னு எனக்கே தெரியல, அதே கருப்பு பின்னணி, அதே பட்டு நூல் பறக்குற மாதிரி இழை. சிலரோடத பேர் பாக்காமலே சொல்லிடலாம், அது எப்படிங்க வருது? பேசாம 3டி ஃப்ராக்டல் போடுற மேண்டல்பல்ப் 3டி சாஃப்ட்வேர் பக்கம் போயிடவா?

ராத்திரிரெண்டர்:
அந்த இழை உங்களோடது இல்ல, ஸ்காட் டிரேவ்ஸோடது :) 1992ல அவர் இந்த மாதிரி படம் போடுற ஃப்ளேம் அல்காரிதம் எழுதுனப்போ, ஒரு பிக்சல்ல எத்தன தடவ புள்ளி விழுந்துச்சுன்னு எண்ணி அத அப்படியே வெளிச்சமா காட்டாம லாகரிதம் எடுத்து காட்டுனார், அதனாலதான் ரொம்ப மங்கலான கோடு கூட கண்ணுக்கு தெரியுது. அந்த புரோகிராம ரொனால்ட் ஹார்டைக் டெல்ஃபிங்கிற புரோகிராமிங் மொழிக்கு மாத்துனாரு, அத எடுத்து மார்க் டவுன்செண்ட் பண்ணதுதான் அப்போஃபிஸிஸ். ஜேவைல்ட்ஃபயர் மாதிரி வேற ஃப்ளேம் சாஃப்ட்வேருக்கு போனாலும் அடியில இதே கணக்குதான்.

ரேண்டம் பேட்ச்ச மூடுங்க முதல்ல. எடிட்டர்ல ரெண்டே ரெண்டு முக்கோணம் வைங்க (ஒவ்வொண்ணும் புள்ளிய நகத்துற ஒரு விதி), ஒண்ணுக்கு ஜூலியன், ஒண்ணுக்கு லீனியர்ங்கிற வேரியேஷன் (புள்ளிய வளைக்கிற ஃபார்முலா) போடுங்க, அப்புறம் ஒண்ண மட்டும் மெதுவா நகத்தி சுத்தி வெயிட்ட (அது எவ்ளோ அடிக்கடி வரணும்ங்கிறத) ஏத்தி இறக்கி பாருங்க. எது அசைஞ்சா எது மாறுதுன்னு கைக்கு பழகணும். கிராண்ட் ஜூலியன்னு ஜூலியன வச்சு ஒரு ஸ்டைல் இருக்கு, அத போடுறவங்கெல்லாம் இப்படி கை பழகினவங்கதான்.

டாஸ்காலத்து ஆள்:
எனக்கு வடிவத்த விட கலர்லதான் ஆள் தெரியும். நான் ஃப்ராக்டிண்ட் காலம், 1988ல வந்த டாஸ் ஃப்ராக்டல் சாஃப்ட்வேர், மேத் கோப்ராசசர் (தசம கணக்குக்கு தனி சிப்) இல்லாத மெஷின்லயும் ஓடணும்னு முழு எண் கணக்குலயே போடுவாங்க. 256 கலர்தான், எல்லாரும் அதே பேலட்ட (கலர் வரிசைய) சுழல விட்டு வாய பிளந்து பாத்துட்டு இருப்போம். அல்ட்ரா ஃப்ராக்டல்ங்கிற சாஃப்ட்வேர்ல ஒரு படத்து மேல இன்னொண்ண அடுக்குற லேயர் வந்த பிறகுதான் ஒவ்வொருத்தர் ரசனையும் வெளிய வந்துச்சு, ஜேனட் பார்க் படங்கள தேடி பாருங்க, புரியும். ஃப்ராக்டல் கலைஞர் கெர்ரி மிட்செல் 1999லயே ஒரு அறிக்கை எழுதி வச்சாரு, கம்ப்யூட்டர் வச்சிருக்கவன் எவன் வேணா நல்லா போட்டுடலாம்ங்கிற வேல இது இல்லன்னு. இப்ப யூடியூப்ல யாரு ஆழமா ஜூம் பண்றான்னு போட்டி நடக்குது, எனக்கு தூக்கம்தான் வருது.

பெட்டிக்குள்ளபெட்டி:
3டிக்கு வாங்க, ஆனா தப்பிக்கலாம்னு வராதீங்க. டாம் லோ 2010ல மேண்டல்பாக்ஸ்ங்கிற பெட்டி மாதிரி ஃப்ராக்டல கண்டுபிடிச்சாரு, மேண்டல்பல்ப் 3டில அது அமேசிங் பாக்ஸ்ங்கிற பேர்ல இருக்கு, போட்ட உடனே துருப்பிடிச்ச கோயில் மாதிரி ஒண்ணு வரும், எல்லாருக்கும் அதேதான் வரும். ஹால் டென்னிங்கிற கலைஞரோட படத்த பாருங்க, அதே சாஃப்ட்வேர்தான், ஆனா வெளிச்சம் எங்கேருந்து விழணும், எந்த மூலை இருட்டா இருக்கணும்னு மனுஷன் யோசிச்சிருப்பாரு. 2017ல வந்த கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி சினிமா ரெண்டாம் பாகத்துல ஈகோங்கிற கேரக்டரோட கிரகத்த வடிவமைக்க அவர கூப்பிட்டாங்க.

ஃபார்முலாவ மாத்திட்டே இருக்காம ஒரே இடத்துல கேமராவ நிறுத்தி லைட்ட மட்டும் மாத்தி மாத்தி போடுங்க. ஓரமெல்லாம் பொரிஞ்ச மாதிரி வந்தா ரேஸ்டெப் மல்டிப்ளையர (கணக்கு எவ்ளோ பெரிய அடியா தாண்டணும்ங்கிற செட்டிங்க) குறைங்க, நேரம் இழுக்கும், வேற வழி இல்ல.

சுழல்கிறுக்கன்:
நன்றிண்ணா எல்லாருக்கும். ரெண்டு முக்கோணம் வச்சு பாத்தேன், ஜூலியன் பவர 5 ஆக்குனதும் அஞ்சு மடிப்பா விரிஞ்சுச்சு, செம. ஆனா பெருசா ரெண்டர் போட்டா ஓரம் பூரா பொடிப்பொடியா புள்ளி, அது ஏன்?

ராத்திரிரெண்டர்:
குவாலிட்டி (பிக்சலுக்கு எத்தன புள்ளி கணக்கு போடணும்ங்கிறது) எவ்ளோ வச்சீங்க? 50 மாதிரி இருந்தா அது பிரிவியூக்குதான், பத்தாது. 1000க்கு மேல ஏத்தி ஓவர்சாம்பிள் (பெருசா கணக்கு போட்டு சுருக்குறது) 2 வச்சு போட்டு பாருங்க. ஃபைல இங்க ஒட்டுங்க, காமாவும் (மங்கலான இடத்தோட வெளிச்சத்த ஏத்துறது) ஏறிப்போயிருக்கும்னு ஒரு டவுட்டு.