ஓய்வுநாள் பள்ளியில் பிற மதங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கலாமா?

பாளை டீச்சர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். 14 வருடமாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். இப்போது என்னிடம் இருப்பவர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், 11 பேர்.

போன மாதம் பத்துக் கட்டளைகளில் முதலாம் கட்டளையை ('என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்க வேண்டாம்') நடத்தும்போது, "முஸ்லிம்கள் முகமது நபியைக் கும்பிடுகிற மாதிரி" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், அவர்கள் நபியைக் கும்பிட மாட்டார்கள். அல்லாஹ்வை மட்டும்தான். நபியைக் கும்பிட்டால் அதுதான் பெரிய பாவமாம்." பள்ளிக்கூடத்தில் இவன் பக்கத்தில் உட்காருகிறவன் மேலப்பாளையத்து முஸ்லிம் பையன், மதியம் டிபன் பாக்ஸை மாற்றிக்கொண்டு சாப்பிடுகிறவர்கள். "சரி, உட்கார்" என்று சொல்லிவிட்டு, சாக்பீஸைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். சாக்பீஸ் கையில்தான் இருந்தது.

14 வருடத்தில் எத்தனை பிள்ளைகளிடம் இதையே சொல்லியிருப்பேன் என்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். சிறுவயதில் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வரிசையில் நின்று நோன்புக் கஞ்சி வாங்கிக் குடித்து வளர்ந்தவள் நான். கஞ்சியில் வெந்தயம் போடுவார்கள் என்று தெரியும். நோன்பு எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அதனால் மே விடுமுறையில் மூன்று ஞாயிறு, இஸ்லாம், சைவ வைணவம், பௌத்தம் சமணம் என்று எளிமையாக நடத்தலாமா எனச் சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) கேட்டேன். ஐயர், அதாவது எங்கள் போதகர், மறுக்கவில்லை. பெரியவர் ஒருவர்தான் எழுந்து, "முதலில் பத்துக் கட்டளையை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. 11 பேரில் மூன்று பேருக்குத்தான் வரும். பிறகு வேதாகமத்தில் உபாகமம் 12:30ஐ எடுத்தார்: அவர்களுடைய தேவர்களைக் குறித்துக் கேட்டு விசாரிக்காதே என்று. எனக்கு வாய் அடைத்துவிட்டது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தூத்துக்குடி:

சகோதரி, உங்கள் பெரியவரின் கட்சிக்கு 300 வயது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு தமிழ் கற்று, ஏடுகளைத் தேடிச் சேர்த்து, இந்துக்களிடம் கேள்வி கேட்டு அவர்கள் எழுதிய பதில்களை வாங்கி, 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி முடித்தார். ஜெர்மனிக்கு அனுப்பினால் ஹாலே நகரில் இருந்த மிஷன் தலைவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். உங்களை அனுப்பியது அந்த மதத்தை வேரறுக்கத்தானே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர்கள் வாதம். நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. எழுதியவர் 1719இலேயே இறந்துவிட்டார்.

சாயர்புரம் எனக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். அங்கே ஊழியம் செய்த ஜி.யு. போப், திருவாசகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது 1900இல், தம் 80ஆவது வயதில். மாணிக்கவாசகரில் மூழ்கி எழுந்தவர் கடைசிவரை பாதிரியாராகவே இருந்தார். (திருவாசகத்தை நினைத்து உருகி அவர் எழுதிய கடிதத்தில் கண்ணீர் சொட்டியதாக ஒரு கதையை மேடைதோறும் சொல்வார்கள். எனக்கு நூல் போதும்.)

பெரியவரிடம் ஒன்று கேளுங்கள். அவர் கையில் இருப்பதன் அட்டையில் 'பரிசுத்த வேதாகமம்' என்று இருக்கிறதே, அது என்ன சொல்? வேதமும் ஆகமமும் சைவர்கள் காலங்காலமாகச் சேர்த்துச் சொல்லிவந்தவை. நம்மை 'வேதக்காரர்' என்றும் நம் ஆலயத்தை 'வேதக்கோயில்' என்றும் ஊரார் சொல்கிறார்கள். இரவல் வாங்கிய சொல்லின் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டோம் என்றால் எப்படி?

கொடைக்கு_அஞ்சுபவன்:

ஐயா எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் அவர் சொல்கிற இருவரும் வெளியிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தவர்கள். நான் உள்ளேயிருந்து வந்தவன். எங்கள் குடும்பத்துக்குச் சுடலைமாடன் கோயில், அப்பா சாமியாடுவார். 22 வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். இன்றும் எங்காவது கொடை (கோயில் திருவிழா) நடந்து மகுட மேளச் சத்தம் கேட்டால் என் கால் தரையில் நிற்காது. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுவேன். அந்த வசனத்தை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அப்போஸ்தலர் பவுல் அத்தேனேயில் (ஏதென்ஸ் நகரில்) 'அறியப்படாத தேவனுக்கு' என்ற பலிபீடத்தைக் காட்டிப் பேசினாரே என்று அடுத்து யாராவது எழுதுவீர்கள். பவுலுக்கு அப்போது 12 வயது இல்லை.

படிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. வாலிபர் கூட்டத்தில் வையுங்கள். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள் டீச்சர்: நபியைக் கும்பிடுகிறார்கள் என்று 14 வருடம் நம்பியவர், மூன்று ஞாயிறில் நான்கைந்து மதத்தை நடத்தினால் அந்தப் பிள்ளைகள் என்ன கற்பார்கள்? எங்கள் அப்பா சாமியை நீங்கள் 'சாத்தான்' என்று ஒரே சொல்லில் முடித்தாலும் எனக்கு வலிக்கும். 'பண்பாடு' என்று சிரித்தபடி சொன்னாலும் வலிக்கும்.

மதுரை நர்ஸ்:

நான் கத்தோலிக்கப் பெண். வார்டில் இரவுப்பணி பார்க்கிறவள், ஆகவே சுருக்கமாக.

டீச்சர் தடுமாறியது முதலாம் கட்டளையில். பதில் ஒன்பதாவதில் இருக்கிறது: பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே. (எங்கள் கணக்கில் அது எட்டாவது, சண்டைக்கு வராதீர்கள்.) தெரியாமல் சொன்னாலும் பக்கத்து வீட்டாரைப் பற்றிச் சொன்னது பொய்தானே? அந்த உபாகம வசனத்திலும் நடுவே 'நானும் சேவிப்பேன் என்று சொல்லி' என்று ஒரு துண்டு இருக்கிறது. பெரியவர் அதைத் தாண்டிவிட்டார்.

எங்கள் சபையே மற்ற மதங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் இருக்கிற எதையும் தள்ளுவதில்லை என்று 1965இல்தான், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதிவைத்தது. உங்கள் கமிட்டிக்கு நான்கு மாதம் கொடுங்கள்.

திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே மர்யம். அதைச் சொன்னால் பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள். இயேசுவைத் தேவகுமாரன் என்று அவர்கள் ஏற்பதில்லை, சிலுவையில் அறையப்பட்டார் என்பதையும் ஏற்பதில்லை. அதையும் அதே குரலில் சொல்லுங்கள்.

பாளை டீச்சர்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கொடைக்கு அஞ்சும் தம்பி, கோபம் வந்தது உண்மை, இரண்டு நாள் இருந்தது. பிறகு சைவ வைணவத்தையும் பௌத்தம் சமணத்தையும் தாளிலிருந்து அடித்துவிட்டேன். எனக்குத் தெரியாததை நடத்தமாட்டேன்.

போன ஞாயிறு முதல் வேலையாக, "அன்றைக்கு நான் சொன்னது தவறு" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கடைசி பெஞ்ச் பையன், "தெரியும் டீச்சர்" என்றான். பாவி, ஒரு நன்றிகூட இல்லை. பத்துக் கட்டளை இப்போது எட்டுப் பேருக்கு வருகிறது. பெரியவரையே வகுப்புக்கு அழைத்துக் கேட்க வைத்தேன். ஒரு ஞாயிறுக்கு மட்டும், இஸ்லாமுக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார், தாமும் பின்னால் உட்காருவாராம்.

இப்போது புதுச் சிக்கல். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது அந்தப் பையன் வந்து, "அந்த ஞாயிறு அவனையும் கூட்டி வரட்டுமா? நீங்கள் தப்பாகச் சொன்னால் அவனே திருத்துவான்" என்கிறான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அவன் வீட்டில் என்ன நினைப்பார்கள்? முதலில் அவனுடைய அம்மாவைப் போய்ப் பார்ப்பதுதானே முறை? அனுபவம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.