அம்மிச்சி வீட்டு ஆட்டுக்கல்லும் ரிவர்ஸ் கேமராவும்

வாட்ஸ்அப் குழு: அம்மிச்சி வீடு (அம்மிச்சி: அம்மாவின் அம்மா)

ஞாயிறு

இரவு 7.42
சின்ன மாமா: [படம்]
சின்ன மாமா: காரின் பின் பம்பரில் கீழ்ப்பக்கம் போயே போய்விட்டது. கிளம்பும் அவசரத்தில் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. சேலம் வந்து இறங்கிப் பார்த்தால் இவ்வளவு கிழிந்திருக்கிறது.

7.45
அத்தை: அடக் கடவுளே, அந்த ‘டொக்’ அதுதானா? தேங்காய் விழுந்தது என்று நினைத்துத் தோட்டத்துப் பக்கம் போய்த் தேடிக்கொண்டிருந்தேன்.
சின்ன மாமா: தேங்காய் இல்லைங்க அண்ணி. ஆட்டுக்கல்.
மணி: கல்லுக்கு ஏதாவது அடியா மாமா?
சின்ன மாமா: அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
அம்மா: எங்கள் பாட்டி மாவாட்டிய கல் தம்பி அது. உன் காரைப் போல இன்னும் நாலு காரைப் பார்க்கும்.

7.51
சின்ன மாமா: அக்கா, வண்டியில் சென்சார் இருக்கிறது. முதலில் பீப் பீப் என்று கத்தத்தான் செய்தது. நானும் நிதானமாகத்தான் பின்னால் எடுத்தேன். திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. சரி, தாண்டிவிட்டோம் என்று கிளட்சை விட்டேன். டொக்.

7.58
மணி: மாமா, பம்பரில் பொட்டு வைத்த மாதிரி இருக்கிறதே, அதுதான் சென்சார். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடி உயரத்தில் இருக்கும். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது எதன் மேலாவது பட்டுத் திரும்பினால்தான் கத்தும். ஆட்டுக்கல் முக்கால் அடி, ஒரு அடிதான் உயரம். தள்ளி இருக்கும்போது ஒலி விரிந்து வந்து கல்லில் படும். கிட்டே போனதும் கல்லின் தலைக்கு மேலே போய்விடும்.
மணி: அதனால் கத்திவிட்டுத் திடீரென்று நின்றால் தாண்டிவிட்டோம் என்று நினைக்காதீங்க. அப்போதுதான் இறங்கிப் பார்க்க வேண்டும்.
சின்ன மாமா: இதை வண்டி வாங்கும்போது ஒருத்தரும் சொல்லவில்லையே.
மணி: வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும் மாமா. பாலிதீன் கவர்கூடப் பிரிக்காமல் டேஷ்போர்டில் கிடக்கிறதே, அது.
சின்ன மாமா: சரி சரி.

8.10
கவிதா அக்கா: ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் வண்டி எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் குட்டி அந்த ஆட்டுக்கல் மேல்தான் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தான். முகம் கழுவ நான்தான் உள்ளே கூப்பிட்டேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது.

8.19
சின்ன மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது
சின்ன மாமா: கவிதா, மூன்று கண்ணாடியும் பார்த்துத்தான் எடுத்தேன். சத்தியமாக.
கவிதா அக்கா: தெரியும் மாமா. உங்களைக் குறை சொல்லவில்லை. படத்தைப் பார்த்த பிறகு எனக்குத்தான் கை நடுங்குகிறது.
அம்மா: முருகா.

8.34
பிரபு மச்சான்: சித்தப்பா, நீங்கள் ஒன்றும் கவனமில்லாமல் ஓட்டவில்லை. இங்கே அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2002-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு அப்பா, பெரிய வண்டியை வீட்டு வாசலுக்குள் பின்னால் எடுத்தபோது அவருடைய இரண்டு வயது மகன் பின்னால் வந்துவிட்டான். அவருக்குத் தெரியவே இல்லை. அந்த அப்பா ஒரு குழந்தைகள் டாக்டர்.
பிரபு மச்சான்: சட்டத்துக்கே அந்தக் குழந்தையின் பெயர்தான். 2008-ல் கையெழுத்தானது. கேமராவுக்கான விதியை எழுதி முடிக்க 2014. புது வண்டி எல்லாவற்றுக்கும் கட்டாயம் ஆனது 2018 மே 1. குழந்தை போய்ப் பதினாறு வருடம் கழித்து. வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் திரையில் தெரிந்தாக வேண்டும்.
அத்தை: பெத்தவன் அதற்கப்புறம் எப்படித் தூங்கியிருப்பான்.

8.47
சின்ன மாமா: நம் ஊரில் கேமரா கட்டாயம் இல்லையா?
மணி: கார்களுக்கு 2019 ஜூலையிலிருந்து ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். கேமராவை அதில் சேர்க்கவில்லை. உங்கள் வண்டி 2020 மாடல், அதிலும் விலை குறைந்த வகை. விதிக்குத் தேவையானதை மட்டும் வைத்திருக்கிறார்கள். அதுவும் இரண்டு பொட்டுதான், நாலு இல்லை.
கவிதா அக்கா: பள்ளி வாகனங்களுக்கு உண்டு. 2022-ல் ஒரு பையன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேனில் அடிபட்டு இறந்த பிறகு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று கேமராவும் சென்சாரும் வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி கொண்டுவந்தார்கள்.
கவிதா அக்கா: குட்டி போகும் வேனிலும் இருக்கிறது. போன மாதம் மழை நாளில் ஏற்றிவிடும்போது சும்மா எட்டிப் பார்த்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைகிறது, அவ்வளவுதான். “என்னங்கண்ணா இது” என்றேன். அவர் இறங்கிப் போய்த் தோள் துண்டால் பின்னால் ஒரு துடை துடைத்தார். உடனே ரோடு, நாய், ஆயாம்மா எல்லாம் பளிச்சென்று வந்துவிட்டது. எத்தனை நாளாக அப்படி ஓடியதோ.
மணி: பின் கேமராவுக்கு மழைக்காலம் பெரிய எதிரி அக்கா. சக்கரம் வாரி அடிக்கிற சேறு நேராகப் பின்பக்கம்தான் போய் ஒட்டும்.

9.06
பெரிய மாமா: குரல் செய்தி (2.48)

9.15
அத்தை: பஸ்ஸில் வரும் ஆட்களால் குரல் செய்தியைக் கேட்க முடியாதாம். அவர் சொன்னதை அப்படியே தட்டுகிறேன்.
அத்தை: “லாரிக்கு அந்தக் காலத்தில் கேமரா கிளீனர்தான். பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று பாடியைத் தட்டிக்கொண்டே வருவான். ‘வா வா வா’ என்றால் வரலாம். பலமாக ஒரே தட்டு, நிறுத்து. நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம். இடது பக்கம் கதவுக்குக் கீழே ஒரு ஆள் டிவிஎஸ் எக்ஸெல்லோடு நின்றாலும் தெரியாது. பம்பருக்கு முன்னால் ஒட்டினாற்போல யாராவது குறுக்கே போனாலும் தெரியாது. அதற்குத்தான் கிளீனர் இடது பக்கம் தலையை வெளியே நீட்டிக்கொண்டே வருவான்.
இன்றைக்குக் கிளீனர் வேலைக்கு ஆள் இல்லை. முக்கால்வாசி வண்டி டிரைவர் ஒருத்தரோடு ஓடுகிறது. அப்புறம் யார் தட்டுவது? அதனால்தான் இரண்டு வண்டிக்கும் மணியை வைத்துக் கேமரா போட்டேன். ஆனால் ஒன்று. கிளீனர் தட்டினால் நீ வேறு எங்கே பார்த்துக்கொண்டிருந்தாலும் காதில் விழும். கேமரா தட்டாது. நீதான் அதைப் பார்க்க வேண்டும்.”
பெரிய மாமா: தட்டியதில் ஒரு எழுத்துப்பிழை இல்லை. நன்றி.
அத்தை: காபி கிடையாது என்று சொல்லிவிட்டேன், அதற்குத்தான் இந்த நன்றி.

9.22
பெரிய மாமா: மணி முதல் கேமராவைப் புகைய விட்ட கதையையும் சொல்லட்டும்.
மணி: மாமா, அதை விடமாட்டீங்களா.
பிரபு மச்சான்: சொல்லு மச்சான்.
மணி: கார் பேட்டரி 12 வோல்ட். லாரிக்கு இரண்டு பேட்டரி சேர்த்து 24. கார் கேமராவை அப்படியே லாரி ரிவர்ஸ் லைட்டில் கொடுத்துவிட்டேன். கியர் போட்டதும் ஒரு நொடி படம் வந்தது. அப்புறம் வாசம் வந்தது.
சின்ன மாமா: இந்த ஆளா என் வண்டியில் கை வைக்கப் போகிறான்?
மணி: அது ஏழு வருடத்துக்கு முன்னால் மாமா. அடுத்த ஞாயிறு அம்மிச்சி வீட்டுக்கு வண்டியோடு வாங்க. கேமரா, ஐந்து அங்குலத் திரை, வயர் எல்லாம் நான் கொண்டுவருகிறேன்.

9.31
அம்மா: பேப்பரில் பார்த்தேன், இனி கார்களில் கண்ணாடியே இருக்காதாமே, எல்லாம் கேமராவாமே?
பிரபு மச்சான்: சில நாடுகளில் வந்துவிட்டது அத்தை. ஜப்பானில் 2016-லேயே அனுமதித்தார்கள். 2018-ல் லெக்ஸஸ் கார் ஒன்று பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமராவோடு அங்கே விற்பனைக்கு வந்தது. ஐரோப்பாவில் மெர்சிடிஸ் லாரியிலும் உண்டு. வெளியே ஒரு சின்னக் கொம்பு மாதிரி கேமரா, உள்ளே முன் கண்ணாடி ஓரத் தூணில் நீளத் திரை. ஆனால் அமெரிக்காவில் இன்னும் கண்ணாடி இருந்தே ஆக வேண்டும்.
பெரிய மாமா: லாரிக்கு இருந்தால் எனக்கு லாபம். வருடத்துக்கு இரண்டு கண்ணாடி மரக்கிளையில் போகிறது. ஆனால் திரை அணைந்துவிட்டால்?
பிரபு மச்சான்: அந்த பயம் எல்லோருக்கும் இருக்கிறது அப்பா. எனக்கும்.
மணி: இன்னொன்று கேளுங்க மாமா. 2015-ல் அர்ஜென்டினாவில் சாம்சங் ஒரு லாரி ஓட்டிக் காட்டியது. முன்னால் கேமரா, பின் கதவில் நாலு திரை. லாரிக்கு முன்னால் ரோடு எப்படி இருக்கிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியும். எதிரில் வண்டி வருகிறதா என்று பார்த்து முந்தலாம்.
பெரிய மாமா: அதற்குத்தான் நாங்கள் ஜன்னலில் கையை நீட்டி ‘போ’ என்று காட்டினோம். பின்னால் வருகிறவன் ஹாரனைத் தட்டி நன்றி சொல்லிவிட்டுப் போவான். செலவே இல்லை.

ஞாயிறு (அடுத்த வாரம்)

மதியம் 12.20
அத்தை: [படம்] கார் டிக்கிக்குள் மணியின் கால் மட்டும் தெரிகிறது.
மணி: கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ரப்பர் குழாய் இருக்கிறது. கேமரா வயரை அதற்குள்ளேதான் விட வேண்டும். வெளியே விட்டால் டிக்கியைத் திறந்து மூடி ஆறு மாதத்தில் வயர் அறுந்துவிடும். அந்தக் கால்மணி வேலைக்குத்தான் என் கூலி. மீதி எல்லாம் சும்மா.

1.05
சின்ன மாமா: திரை வந்துவிட்டது! ஆனால் இடது பக்கம் நிற்கும் அண்ணி வலது பக்கம் தெரிகிறார்கள்.
மணி: இருங்க, படத்தைத் திருப்ப கேமரா வயரில் ஒரு சின்ன வளையம் இருக்கும், அதை வெட்ட வேண்டும். கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடது இடதாக வந்தால்தான் ஸ்டியரிங்கைச் சரியாக ஒடிப்பீங்க. இதைப் பார்க்காமல் வண்டியைக் கையில் கொடுத்துவிட்டால் வாடிக்கையாளர் நேராகச் சுவருக்குத்தான் போவார்.

1.40
கவிதா அக்கா: இப்போது நடந்ததை பிரபுவுக்காக எழுதுகிறேன். கேமராவை அணைத்துவிட்டு மாமாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தோம். ஸ்டூல் மேல் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம், குட்டியின் உயரத்துக்கு. குட்டியை நிறுத்த நான் விடவில்லை. பம்பரை ஒட்டி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தினோம். மாமா உள்ளே இருக்கும் கண்ணாடியைப் பார்த்து ‘தெரிகிறது’ என்று சொல்ல வேண்டும். இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குடம் துளசி மாடத்துக்கிட்டே போன பிறகுதான் அதன் வாய் தெரிந்தது. டேப் வைத்து அளந்தால் 13 அடி.
பிரபு மச்சான்: அவ்வளவா!
கவிதா அக்கா: அதற்குள்ளே பால்வாடி முழுவதையும் உட்கார வைக்கலாம்.
சின்ன மாமா: 22 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். இறங்கி வந்து அந்த இடத்தில் நின்று பார்த்தபோது பேச்சே வரவில்லை.

1.52
சின்ன மாமா: கேமராவைப் போட்டதும் குடம் முழுதாகத் தெரிந்தது. ஆட்டுக்கல்லும். ஆனால் கல் எங்கேயோ தள்ளி இருப்பது மாதிரி தெரிகிறது.
மணி: அகலமாகக் காட்டுகிற லென்ஸ் அப்படித்தான். கிட்டே இருப்பதையும் எட்டக் காட்டும். திரையில் வரும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோட்டையும் அப்படியே நம்பாதீங்க. அது கேமராவை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அதனால் பம்பரிலிருந்து மூன்றடியில் ஒரு செங்கல் வைத்தோம், அது சிவப்புக் கோட்டில் வருகிற மாதிரி கேமராவைச் சாய்த்துவிட்டேன். இனி சிவப்பைத் தொட்டால் மூன்றடி.
பெரிய மாமா: கியர் போட்டதும் திரையைப் பார்ப்பான், சரி. கியர் போடுவதற்கு முன்னால் குட்டி எங்கே என்று யார் பார்ப்பது?
கவிதா அக்கா: அதற்கும் முடிவு செய்தாயிற்று மாமா. எந்த வண்டி கிளம்பினாலும் குட்டி திண்ணையில் அம்மிச்சி மடியில் இருக்க வேண்டும். அம்மிச்சி ‘ம்’ என்று சொன்ன பிறகுதான் சாவி.
அத்தை: உன் அம்மிச்சி இப்போதே ஒரு தடவை ‘ம்’ சொல்லிப் பார்த்தார்கள். பழைய கிளீனர் தோற்றான்.

மாலை 5.30
சின்ன மாமா: கிளம்பிவிட்டோம். 13 அடியில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அழிக்காதீங்க அண்ணி.

திங்கள்

காலை 6.10
அத்தை: சாணி தெளித்ததில் பாதிக் கோடு போய்விட்டது. அம்மிச்சி காவிக்கல் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை அடி என்று மறுபடி ஒருமுறை சொல்லுங்க.