சீனாவை இடதுசாரிகள் ஆதரிக்க வேண்டுமா? நேரில் பட்டதைச் சொல்லுங்கள்

பம்புசெட்டு:
தத்துவச் சண்டை வேண்டாம், அது எப்போதும் நடக்கிறதுதான். சீனர்களோடோ, சீனாவைத் தலையில் வைத்துக் கொண்டாடும் தோழர்களோடோ பழகியதில் என்ன பார்த்தீர்கள், அதை மட்டும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன். கோயம்புத்தூர், பம்பு மோட்டார் தொழில், அப்பா மில்லில் சிஐடியு, மார்க்சிஸ்ட் கட்சித் தொழிற்சங்கம். கன்ட்ரோலர் போர்டு வாங்க தென்சீனாவில் ஷென்சென் நகருக்குப் போய்வருவேன். அங்கே எங்களுக்கு மொழிபெயர்க்க வரும் பெண்ணுக்கு ஹூனான் பக்கம் ஒரு கிராமம். பையன் ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறான், ஏனென்றால் அவர்கள் ஹுகோவ், அதாவது சொந்த ஊர்க் குடும்பப் பதிவு, கிராமத்தில் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு ஷென்சென் அரசுப் பள்ளியில் இடம் வாங்குவது லேசில்லை.

அந்த ஃபேக்டரியில் சங்கம் உண்டா என்று கேட்டேன். இருக்கிறதே என்று நோட்டீஸ் போர்டைக் காட்டினார். தலைவர் யார் என்றால் ஹெச்ஆர் மேனேஜர்! நிலாப் பண்டிகைக்கு ஆளுக்கொரு மூன்கேக் டப்பா கொடுப்பார்களாம். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் சங்கடம் இல்லை, சங்கம் என்றாலே அதுதான் என்று நினைத்திருக்கிறார். அதே மூச்சில், ஊருக்கு ரோடு வந்தது, அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு வந்தது, சின்ன வயதில் பட்ட பட்டினி இப்போது இல்லை என்றும் சொன்னார், அதுவும் உண்மையாகத்தான் பட்டது. அப்பாவிடம் சொன்னால் இந்த இரண்டாவது பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்.

வடமராட்சி:
எங்கட பெரியப்பா இலங்கையில் சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தில் பொலிசிடம் அடி வாங்கின ஆள். தேத்தண்ணிக் கடையில் எல்லாரோடும் சரிசமனாக இருந்து குடிக்கவும், மாவிட்டபுரம் கோயிலுக்குள் போகவும் அந்த இயக்கம்தான் பிறகு போராடியது. அந்தத் துணிவைத் தந்தது மாவோ என்று கடைசிமட்டும் சொல்லுவார், அதை நான் மறுக்கமாட்டேன்.

பிறகு 1971 ஏப்ரல். ஜேவிபி எண்ட சிங்கள இடதுசாரி இயக்கத்தின்ர கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று பிரதமர் சிறிமாவோவின் அரசு ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்களைக் கொன்று தள்ளியது. அந்தச் சூட்டோடு சூடாக சீனப் பிரதமர் சூ என்லாய் சிறிமாவோவுக்கு, நிலைமை கட்டுக்குள் வந்ததில் மகிழ்ச்சி என்று கடிதம் எழுதி, வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். கிளர்ச்சியில் பங்கே எடுக்காத சண்முகதாசன் அந்த நேரம் சிறையில். இதைச் சொன்னால் பெரியப்பா 'அரசுக்கும் அரசுக்குமான உறவு வேறை, கட்சி உறவு வேறை' என்று முடித்துவிடுவார். 2009 மே மாதம், போர் முடிந்த கையோடு, ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்துக்குச் சீனா கை தூக்கினபோதும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார், ஆள் அதற்கு முன்னமே போய்விட்டார். (அன்றைக்கு கியூபாவும் இந்தியாவும் அதே பக்கம்தான், அதையும் சொல்லத்தான் வேணும்.)

அடிஸ் வாத்தியார்:
மூன்கேக்கைக் கிண்டல் பண்ணுங்கள், பரவாயில்லை. நம்மூர்க்காரர்கள் நிறையப் பேரைப் போல நானும் எத்தியோப்பியாவில் கல்லூரி வாத்தியாராக இருந்தவன். அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூட்டிக்குப் போகும் மின்சார ரயில் 2016-ல் திறந்தபோது அங்கேதான் இருந்தேன். 750 கிலோமீட்டர், பெரும்பகுதி சீனக் கடன், கட்டியதும் சீனக் கம்பெனிகள். மேற்கத்திய வங்கிகள் கடன் தருமுன் மானியத்தை வெட்டு, அதை விற்றுவிடு, இதை விற்றுவிடு என்று பாடம் எடுக்கும். சீனாக்காரன் ரயிலோடு வந்தான் என்பான் என் மாணவன் ஒருவன். கடனைக் கட்ட முடியாமல் 2018-ல் தவணையை 30 வருஷத்துக்கு நீட்டச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அதுவும் உண்மை. ஆனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, இது நிஜ சோசலிசமா என்று உரசிப் பார்ப்பவர்கள் அந்த மாணவனிடம் போய் அதைக் கேட்கட்டும்.

நைட்ஷிப்ட்:
'சங்கம் இருக்கிறதே' என்றதும் எனக்கு ஜாசிக்தான் ஞாபகம் வந்தது. 2018 ஜூலை, அதே ஷென்சென். வெல்டிங் மெஷின் செய்யும் ஜாசிக் ஃபேக்டரியில் சில தொழிலாளர்கள், இருக்கிற சட்டப்படியே சங்கம் வைக்கக் கையெழுத்து வாங்கினார்கள். வேலை போனது, எதிர்த்து நின்றவர்களை போலீஸ் பிடித்தது. ஆதரவுக்குப் பெய்ஜிங் பல்கலைக்கழகம் முதலான இடங்களிலிருந்து மார்க்சிய வட்ட மாணவர்கள் மாவோ படத்தோடு வந்து இறங்கினார்கள். ஆகஸ்ட் 24 விடியற்காலை பக்கத்து நகரமான ஹுய்சோவில் அவர்கள் தங்கியிருந்த இடத்துக்குள் போலீஸ் புகுந்து சுமார் 50 பேரை அள்ளிக்கொண்டு போனது. டிசம்பர் 26 மாவோவின் 125வது பிறந்தநாள், அதைக் கொண்டாடக் கிளம்பிய அந்தப் பல்கலைக்கழக மார்க்சியச் சங்கத் தலைவரையும் வழியிலேயே தூக்கினார்கள்.

ஒரகடத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குச் சீனா பற்றிப் பேச வந்த தோழரிடம் இதைக் கேட்டேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இது யார் கிளப்பிவிட்ட செய்தி?" என்றார். மாவோ படத்தை ஏந்தி வந்த பிள்ளைகளை சிஐஏ ஏன் தோழர் அனுப்பப்போகிறது என்றேன். அமெரிக்கா சீனாவைச் சுற்றி வளைக்கிற நேரத்தில் வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரக் கூடாதாம். 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லி 37 நாள் ஸ்டிரைக்கில் இருந்தார்களே, அப்போது முதலீடு ஓடிவிடும், வாயை மூடுங்கள் என்றவர்களிடம் மணிக்கணக்காக மல்லுக்கு நின்றவரும் இதே தோழர்தான்.

தைவானைச் சாக்கு வைத்து அமெரிக்கா போருக்கு வந்தால் எதிர்த்துக் கோஷம் போட முதல் ஆளாக நிற்பேன். அதற்கு மேல் ஆதரவு என்று ஜாசிக் பிள்ளைகளை ஏஜெண்ட் என்று சொல்லச் சொன்னால் என்னால் ஆகாது. வாத்தியார் சார், அந்த ரயில்வேயில் வேலை பார்த்த எத்தியோப்பியத் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்ததா? உங்கள் மாணவர்கள் யாராவது அங்கே சேர்ந்திருந்தால் கேட்டு எழுதுங்களேன்.