மறுமொழி: கிளிப்பிங், ஹெட்ரூம் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நான் மின்னணுவியல் படித்தவன் இல்லை. வாரநாளில் கணக்கு எழுதுகிறவன், சனி ஞாயிறில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். ஆனால் இங்கே பேசப்படும் இரண்டு சொற்களையும் நான் காசு கொடுத்துக் கற்றிருக்கிறேன்: ஒலியைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) போன்ற கருவியின் எல்லையில் முட்டி அலை கெடுவது கிளிப்பிங், அந்த எல்லைவரை மிச்சமிருக்கும் இடம் ஹெட்ரூம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

> கிளிப்பிங் = அலைவெட்டு, ஹெட்ரூம் = தலையிடம். இத்தோடு முடித்துக்கொள்ளலாமே?

முடித்துக்கொள்ளலாம் ஐயா, ஆனால் இரண்டிலும் எனக்கு உறுத்தல் இருக்கிறது. ‘வெட்டு’ என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது மின்வெட்டு. அலைவெட்டு என்று எழுதினால், சத்தம் அறுந்து போகிறது, கேபிள் விட்டுவிட்டுப் பிடிக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். கிளிப்பிங்கில் சத்தம் அறுவதில்லை. போக வேண்டிய உயரத்துக்குப் போக முடியாமல் உச்சி தட்டையாகிறது, அவ்வளவுதான். இன்னொன்று, ‘வெட்டு’க்கு வேறு வேலை காத்திருக்கிறது. ஆம்ப்பில் பேஸ், மிட், ட்ரெபிள் (கீழ், நடு, மேல் ஒலிகளுக்கான) குமிழ்களை நடுவிலிருந்து வலப்பக்கம் திருப்பினால் பூஸ்ட் (கூட்டுவது), இடப்பக்கம் திருப்பினால் கட் (குறைப்பது). அந்தக் கட்டுக்கு ‘வெட்டு’ கச்சிதமாகப் பொருந்தும். ஒரே பெட்டியின் முகப்பில் இரண்டு வேலைக்கு ஒரே சொல் வேண்டாம்.

‘தலையிடம்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். “இந்த ஆம்ப்பில் தலையிடம் இல்லை” என்று படித்ததும், எந்தத் ‘தல’யிடம் என்று ஒரு கணம் யோசித்தேன். நம் மொழியில் ‘இடம்’ வேற்றுமை உருபாகவும் வேலை பார்ப்பதால் வரும் வினை. வேறொருவர் தந்த ‘மேலிடம்’ இன்னும் மோசம். ஆம்ப் வாங்கக் கட்சி மேலிடத்தைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

> உருக்குலைவு என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே, போதாதா?

அது டிஸ்டார்ஷனுக்கு. காய்ச்சலுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவுதான் டிஸ்டார்ஷனுக்கும் கிளிப்பிங்குக்கும். சத்தம் எப்படிக் கெட்டாலும் உருக்குலைவுதான். ஸ்பீக்கரின் கூம்பு தன் எல்லைக்கு மேல் துள்ளினாலும் உருக்குலையும், ஓரத்து மடிப்பு கிழிந்திருந்தாலும் உருக்குலையும். கிளிப்பிங் அவற்றில் ஒரு காரணம் மட்டும். காரணத்துக்குத் தனிப்பெயர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோயில் கொடையில் கச்சேரி. இரண்டாவது பாட்டிலேயே மைக்செட் அண்ணன் மேடை ஓரமாக வந்து, “தம்பி, பேஸ் உடையுது” என்றார். ஆம்ப்புக்குள் வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் கெயினைக் குறைத்தேன். “இன்னும் உடையுது.” கேபிளை மாற்றினேன். மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரையும் இறக்கினேன். சத்தம் சின்னதாயிற்று, சின்னதாகவே உடைந்தது. மறுவாரம் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் போனேன். ஸ்பீக்கர் போய்விட்டது என்றார்கள், மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம், உடைசல் அப்படியே இருந்தது.

கடைசியில் ஆம்ப்பே இல்லாமல், கிட்டாரை நேராக மடிக்கணினியில் இணைத்துப் பதிவுசெய்து, அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உருண்டு ஏறி உருண்டு இறங்க வேண்டிய மேடுகள் உச்சியில் மேசைப்பலகை மாதிரி தட்டையாக இருந்தன. ஆக, கோளாறு கிட்டாரிலேயே. என் கிட்டார் ஆக்டிவ் வகை. அதன் முதுகில் 9 வோல்ட் பேட்டரி ஒன்று உட்கார்ந்து உள்ளே இருக்கும் சின்னச் சுற்றை ஓட்டுகிறது. பேட்டரி இறங்க இறங்க அந்தச் சுற்று எட்டக்கூடிய உயரமும் இறங்குகிறது. அப்புறம் ஆம்ப்பில் எந்தக் குமிழைத் திருப்பி என்ன பயன்? கெட்டுப்போன பாலை ஆற்றிக் குடிக்கிற கதைதான். பேட்டரி ஏன் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வாங்கியிருப்பவர்களுக்கு உதவும். ஆக்டிவ் கிட்டார்களில் பெரும்பாலும் கேபிள் செருகும் துளைதான் சுவிட்ச். வாசித்து முடித்துக் கேபிளைக் கழற்றாமல் சுவரில் சாய்த்து வைத்தால், ராத்திரி முழுக்கப் பேட்டரி கரையும். நான் மாதக்கணக்கில் அப்படித்தான் வைத்திருந்தேன்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அந்தத் திரையை எட்டிப் பார்த்த அம்மா கேட்டாள்: “என்னடா இது, படியில தலை தட்டின மாதிரி இருக்கு?”

இதற்கு மேல் நான் என்ன தேடுவது? அரிசி அளக்கும்போது படியின் வாய்க்கு மேல் கூம்பாக நிற்பதை வழித்துத் தள்ளினால் அது தலைதட்டி அளந்த படி. தள்ளாமல் விட்டால் கும்பாரமாக அளந்த படி. கிளிப்பிங்கில் நடப்பது இதேதான். படியின் வாய் என்பது மின்வழங்கி தரக்கூடிய மின்னழுத்தத்தின் எல்லை. அதற்கு மேல் எழும் அலை வழிக்கப்படுகிறது. ஆகவே என் முன்மொழிவு: கிளிப்பிங் = தலைதட்டல். வினையாகவும் உடனே ஓடும்: ஆம்ப் தலைதட்டுகிறது, தலைதட்டிய அலை, தலைதட்டாமல் வாசி. கலைச்சொல் என்று வந்தால் வினையாக ஓடுகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

> இந்தத் தலைமுறையில் படியை யார் பார்த்தார்கள்?

படியை வேண்டுமானால் பார்த்திருக்க மாட்டார்கள் தம்பி. ஆனால் கேக் செய்யச் சொல்லித் தருகிறவர்கள் இன்றைக்கும் “தலைதட்டி ஒரு டீஸ்பூன்” என்கிறார்கள். போதாததற்குத் தாழ்ந்த நிலைப்படியில் “தலை தட்டும், குனிந்து வா” என்று சொல்வதும் இருக்கிறது. அதுவும் இதே பொருள்தான், மேலே போக இடமில்லை.

> அலையின் கீழ்ப்பக்கமும் தட்டையாகிறதே, அதற்குக் கால்தட்டலா?

சிரித்துவிட்டேன். ஒரு சொல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை என்பதுதான் பதில். ஒரு பக்கம் மட்டும் தட்டையாகிற சுற்றுகளும் உண்டு. தேவைப்பட்டால் அதை ஒருபுறத் தலைதட்டல் என்று எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு வகைப்பாடு இதைவிட முக்கியம். டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லையைத் தொட்டதும் சட்டென்று நிற்கும், உச்சி கத்தியால் சீவியது போல இருக்கும். வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் ஓடும் பழைய வகை) எல்லை நெருங்க நெருங்கத் தயங்கும், ஓரங்கள் மழுங்கி உருண்டிருக்கும். படியைக் கோலால் வழிப்பதற்கும் உள்ளங்கையால் வழிப்பதற்கும் உள்ள வித்தியாசம். ‘கைத்தட்டல்’ என்று வைக்க ஆசைதான், ஆனால் அதைக் கச்சேரி முடிந்ததும் கேட்கிறோமே! எனவே வன்தட்டல், மென்தட்டல். இந்த மென்தட்டலுக்காகவே வால்வு ஆம்ப்பைச் சுமந்து திரிகிறவர்கள் இருக்கிறார்கள். மோட்டர்ஹெட் குழுவின் லெம்மி, ரிக்கன்பேக்கர் பேஸை மார்ஷல் ஆம்ப்பில் போட்டு உறுமவைத்தது வேண்டுமென்றே செய்த காரியம். ஆக தலைதட்டல் எப்போதும் குற்றமில்லை. ‘கோளாறு’, ‘பிழை’ என்று முடியும் சொற்களை நான் ஒதுக்குவது இதனால்தான்.

> பேஸுக்கு மட்டும் இது ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை? என் கிட்டார் 15 வாட் ஆம்ப்பில் வீடே அதிர்கிறதே.

(பேஸ் என்று எழுதும்போதெல்லாம் அடித்தளமா, முகமா, வேகமா, கிட்டாரா என்று நம் எழுத்து சொல்லாது. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

உங்கள் கிட்டாரின் தடித்த கம்பி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். நான்கு கம்பி பேஸின் தடித்த கம்பி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸின் கீழ்க் கம்பி 31க்குப் போகிறது. அந்த ஆழத்தில் நம் காது மந்தம். நடுத்தர சுரத்துக்கு இணையாகக் கேட்க வேண்டுமானால் பல மடங்கு ஆற்றலை ஊற்ற வேண்டும். ஆற்றலை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபெல்தான் (டெசிபெல் என்பது ஒலியின் அளவைச் சொல்லும் அலகு). சத்தம் இரண்டு மடங்காகக் காதில் பட, ஆற்றல் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். இதோடு விரல் கம்பியில் விழும் முதல் கணத்து உச்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும்போது அந்த உச்சி, பின்னால் வரும் ரீங்காரத்தைவிட எவ்வளவோ உயரம்.

ஒரு கணக்கு. சராசரியாக 20 வாட் போதுகிற இடத்தில் வாசிக்கிறீர்கள், உச்சிகள் சராசரிக்கு மேல் 10 டெசிபெல் எழும்புகின்றன என்று வையுங்கள். அந்த உச்சி தட்டாமல் போக 200 வாட் ஆம்ப் வேண்டும். 180 வாட் வீணாகிறதே என்று என் கணக்கர் மனசும் முதலில் பதறியது. அது வீணில்லை, உச்சிக்காகச் சேர்த்துவைத்த இருப்பு. வீட்டில் தனியாகப் பழக 20, 30 வாட் தாராளம். டிரம்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றால் 200க்குக் கீழே வாங்கிவிட்டு அழாதீர்கள்.

இந்த இருப்புக்குப் பேய்த்தனமான எடுத்துக்காட்டு ஆம்பெக் நிறுவனம் 1969இல் கொண்டுவந்த எஸ்விடி: வால்வில் 300 வாட், அதற்கு எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி. பெரிய அரங்குகளில் பேஸ் கேட்கவில்லை என்ற குறை அதன் பின்னால் இருந்தது. அந்த நிறுவனத்தின் பெயரே ஒரு கலைச்சொல் ஆக்கம் என்பது இந்தக் குழுவுக்குப் பிடிக்கும். நிறுவனர் எவரெட் ஹல், நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் கால் முளைக்குள் ஒரு மைக்கைப் பொருத்தினார். முளைக்கு ஆங்கிலத்தில் பெக். ஆம்ப்ளிஃபைட் பெக், சுருக்கி ஆம்பெக். அவருக்கு உடைந்த சத்தமே ஆகாது என்பார்கள். அவர் வைத்த பெயர் பின்னாளில் ராக்காரர்களின் உறுமலுக்கு அடையாளமாகிவிட்டது.

> அப்படியானால் ஹெட்ரூமுக்கு உங்கள் சொல் என்ன?

இதில் எனக்கு அவ்வளவு உறுதி இல்லை. ‘தட்டாவெளி’ என்று ஒருவர் எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் சித்தர் பாடல் மாதிரி ஒலிக்கிறது. ‘மீதிவலு’ என்றால் வாட்டில் மட்டும் அளப்பது போலாகும். ஹெட்ரூமோ ஆம்ப்புக்கு மட்டுமில்லை, பதிவு செய்யும்போது மானியில் சிவப்புக்குக் கீழே விட்டுவைக்கும் இடமும் அதுதான். மேல்மிச்சம் என்று வைத்துப் பார்க்கிறேன். “6 டெசிபெல் மேல்மிச்சம் விட்டுப் பதிவு செய்யுங்கள்.” “இந்த ஆம்ப்புக்கு மேல்மிச்சம் போதாது.” இரண்டு வாக்கியமும் என் நாக்கில் தடுக்கவில்லை. உங்கள் நாக்கில் தடுக்கிறதா என்று சொல்லுங்கள்.

போன வாரம் அதே மைக்செட் அண்ணனிடம் விளக்கம் எதுவும் சொல்லாமல் இரண்டையும் விட்டுப் பார்த்தேன். “அண்ணே, பேஸ் தலைதட்டுதா?” என்றதற்கு, மிக்ஸரின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு “இல்ல, நல்லாத்தான் இருக்கு” என்றார். “மேல்மிச்சம் இருக்கா?” என்றதற்கு “என்ன மிச்சம்? பேட்டா எல்லாம் குடுத்தாச்சு” என்றார். ஒன்று தேறிவிட்டது, ஒன்று இன்னும் தேறவில்லை. மறைக்காமல் எழுதுகிறேன்.

> பயனர் கையேட்டில் எப்படி வரும் என்று ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள்.

எழுதிப் பார்த்தது:

“உள்ளீட்டு விளக்கு சிவப்பாக எரிந்தால் முதல் கட்டம் தலைதட்டுகிறது என்று பொருள். பலமாக வாசிக்கும்போது மட்டும் அது கண்சிமிட்டும் அளவுக்கு ஈட்டத்தைக் குறையுங்கள். ஆக்டிவ் கிட்டார் என்றால் உள்ளீட்டைத் தணிக்கும் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு எரியாமலே ஒலி உடைந்தால் கிட்டாரின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். ஆற்றல் கட்டத்தைத் தொடர்ந்து தலைதட்டவிட்டால் ஸ்பீக்கருக்குப் போகும் ஆற்றல் குறித்த அளவைத் தாண்டக்கூடும்.”

கடைசி வரியை நம்பாதவர்களுக்கு: முழுக்கத் தட்டையான சதுர அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப் (உருண்டு ஏறி உருண்டு இறங்கும் அலை) போல இரு மடங்கு ஆற்றல் கொண்டது. உச்சி போனதால் குறையும் என்று நினைப்போம், ஆனால் அலை உச்சியிலேயே நெடுநேரம் நிற்கிறது. 100 வாட் ஆம்ப் 100க்கு மேல் தள்ளுவது இப்படித்தான்.

பத்தியில் ஈட்டம் என்று கெயினுக்குப் போட்டிருக்கிறேன், அது பழகிய சொல் என்பதால். ஆம்ப்பை ஆம்ப் என்றே விட்டேன். ‘பெருக்கி’ என்றால் எங்கள் வீட்டில் துடைப்பத்தை எடுக்கிறார்கள், ‘ஒலிபெருக்கி’யோ ஸ்பீக்கரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இதை மாற்ற வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்கட்டும், நான் வரமாட்டேன்.

ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது, அதற்கு யாராவது கை கொடுங்கள். எல்லை வருமுன்பே அலையை அமுக்கி, தலைதட்டாமல் காக்கும் லிமிட்டர். நிலைப்படிக்கு முன்னாலேயே தலையைப் பிடித்துக் குனியவைக்கிற வேலை அது. ‘குனிப்பி’ என்று எழுதி அடித்துவிட்டேன். ‘வரம்பி’ என்று ஐயா முன்பே எழுதியிருந்தீர்கள். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிக் காட்ட முடியுமா?